ஒன்றைத் தள்ளினால் இரண்டும் நகரும் கதவு

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கிப் பாலாற்றைத் தாண்டி வேலூருக்குள் போனால், ஆஸ்பத்திரி, லாட்ஜ், துணிக்கடை என்று எங்காவது ஒரு லிஃப்டில் ஏறாமல் திரும்ப மாட்டீர்கள். நடுவில் பிளந்து இடம் ஒன்று, வலம் ஒன்று என ஒதுங்கும் கதவை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பும், ஒரே வேகத்தில் போகும், திரும்பி வந்து சரியாக நடுவில் முட்டும். ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் வந்து பார்த்ததுண்டா?

காட்பாடி காந்தி நகரில் என் அக்கா வீடு கட்டியபோதுதான் எனக்கு இது கேள்வியாகவே பட்டது. ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இழுவைக் கதவு. “ரெண்டு கையாலயும் பிரிச்சுப் பிரிச்சுத் தள்ள முடியாதுடா, கையில சாம்பார் கிண்ணம் இருக்கும். ஒண்ணைத் தள்ளினா ரெண்டும் போகணும்” என்றாள் அக்கா. ஆசாரி தலையைச் சொறிந்தார். “லிஃப்ட்ல மாதிரி மோட்டார் போடணும் சார், செலவாகும்” என்றார்.

மோட்டாரே வேண்டாம். ஒரு கயிறும் இரண்டு கப்பியும் போதும்.

எப்படி என்கிறீர்களா? கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் இரு முனையிலும் குடம் கட்டியிருந்தால், ஒன்று மேலே வரும்போது மற்றது கீழே போகும். ஒரே கயிறுதான், ஆனால் சக்கரத்தின் இந்தப் பக்கம் ஏறுகிறது, அந்தப் பக்கம் இறங்குகிறது. இந்த ராட்டினத்தைப் படுக்க வைத்து, எதிரே இன்னொரு சக்கரத்தையும் வைத்து, கயிற்றின் முனைகளை முடிந்து வளையமாக்கிவிடுங்கள். இப்போது வளையத்தின் மேல் கயிறு இடப்பக்கம் ஓடினால் கீழ்க் கயிறு வலப்பக்கம் ஓடியே ஆக வேண்டும். அதே வேகம், அதே தூரம்.

மேல் கயிற்றில் இடது கதவைக் கவ்வி மாட்டுங்கள். கீழ்க் கயிற்றில் வலது கதவை மாட்டுங்கள். வேலை முடிந்தது. இடது கதவை ஓர் அடி இடப்பக்கம் தள்ளினால், வலது கதவு ஓர் அடி வலப்பக்கம் போகும். உங்கள் கை ஓர் அடிதான் நகர்ந்தது, வாசல் இரண்டு அடி திறந்துவிட்டது.

இதை நீங்கள் சின்ன வயதிலேயே பார்த்திருக்கலாம். பழைய தியேட்டர்களில் படம் தொடங்கும் முன் திரைச்சீலை நடுவில் பிரிந்து இரு பக்கமும் சுருங்கிப் போகுமே, அதற்கும் இதே வளையக் கயிறுதான். ஓரமாக நின்று ஒருவர் கயிற்றை இழுப்பார், இரண்டு சீலையும் பிரியும். லிஃப்டில் சீலை இருந்த இடத்தில் இரும்புத் தகடு வந்திருக்கிறது, ஆள் இருந்த இடத்தில் மோட்டார் வந்திருக்கிறது.

அப்படியானால் லிஃப்டில் எத்தனை மோட்டார்? கதவை நகர்த்த ஒன்றே ஒன்றுதான், அதுவும் உங்களோடு ஏறி இறங்கும் கூண்டின் தலையில் இருக்கிறது. மாடிகளில் தெரிகிற வெளிக்கதவுகளுக்கு மோட்டாரே கிடையாது. கூண்டு வந்து நின்றதும், அதன் கதவில் உள்ள ஒரு தகடு வெளிக்கதவின் பூட்டு உருளைகளைப் பிடித்துக்கொண்டு, பூட்டைத் திறந்து, தன்னோடு இழுத்துப் போகிறது. அதுவும் வெளிக்கதவின் ஒரு பக்கத்தை மட்டும். மற்றப் பக்கம் மேலே ஒளிந்திருக்கும் வளையக் கம்பிக் கயிற்றால் தானே நகர்கிறது. மூடுவதற்கு ஓர் எடைக்கல்லோ ஸ்பிரிங்கோ இருக்கும்.

இதனால் உங்களுக்கு என்ன? கூண்டு இல்லாத மாடியில் வெளிக்கதவு ஒருபோதும் திறக்கக் கூடாது. திறந்து கிடந்தாலோ, கையால் தள்ளினால் விலகினாலோ, அந்த வழியில் யாரையும் விடாமல் நின்றுகொண்டு கட்டடக்காரரைக் கூப்பிடுங்கள். லிஃப்ட் விபத்தில் மிகக் கொடியது, கூண்டு இருக்கிறதென்று நினைத்துக் காலை எடுத்து வைப்பது. 1887 அக்டோபர் 11 அன்று அமெரிக்காவின் டுலூத் நகரைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் மைல்ஸ் என்ற கறுப்பினத்தவர், லிஃப்ட் கதவு தானே திறந்து மூடும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கியதும் இந்த ஆபத்துக்காகத்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலும் கதவை மூடுவது மனிதர் வேலை. மனிதர் மறந்தால் எதிரே இருப்பது குழி.

மூடிக்கொண்டிருக்கும் கதவின் நடுவே கையை நீட்டினால் அது நின்றுவிடுமே, பயம் எதற்கு என்று கேட்பீர்கள். புதிய லிஃப்டுகளில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை (கதவின் ஓரம் முழுக்கப் பாயும் அகச்சிவப்புக் கதிர்கள்) இருக்கும். இடையில் ஏதாவது வந்தால் கதவு திரும்பிவிடும். பழைய லிஃப்டுகளில் கதவு உங்கள் மேல் பட்ட பிறகுதான் திரும்பும். எது எந்த வகை என்று வெளியிலிருந்து தெரியாது. பொத்தானை அமுக்குங்கள், கையை நீட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் போகும் லிஃப்டுகள் பலவற்றில் இரண்டு கதவும் ஒரே பக்கம் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்தக் கயிற்றின் உறவுதான். முதல் கதவின் முதுகில் இரண்டு கப்பி வைத்து வளையக் கயிறு மாட்டுவார்கள். கயிற்றின் ஒரு பக்கத்தைச் சட்டத்தில் கட்டிவிடுவார்கள், மறுபக்கத்தில் இரண்டாம் கதவு. முதல் கதவு ஓர் அடி போனால் இரண்டாவது இரண்டு அடி போகும். கப்பியை எங்கே வைக்கிறோம், கயிற்றை எங்கே கட்டுகிறோம் என்பதை மாற்றினால் போதும், எதிர்த்திசை ஒரே திசையாகிறது, ஒரே வேகம் இருமடங்காகிறது.

துணிக்கடை வாசலில் தானே திறக்கும் கண்ணாடிக் கதவு? அங்கேயும் வளையம்தான். கயிற்றுக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பட்டை (உள்ளே இழை வைத்து நீளாமல் செய்தது), ஒரு முனைக் கப்பியைச் சுழற்ற மோட்டார், ஆள் வருவதை உணர ஒரு கண். டெக்ஸாஸின் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கடலோர ஊரில் லூ ஹியூவிட், டீ ஹார்ட்டன் என்ற இருவர், காற்றில் கீல் கதவுகள் படும் பாட்டைப் பார்த்து 1954-ல் இந்த யோசனைக்கு வந்தார்கள். 1960-ல் அது விற்பனைக்கு வந்தது. காற்றுக்கு அஞ்சிப் பிறந்த கதவு, நம் ஊரில் ஏ.சி. வெளியே போகாமல் இருக்கப் பயன்படுகிறது.

வந்தே பாரத் ரயில் கதவும் இப்படித்தானா என்று அக்கா மகன் கேட்டான். சென்னை–மைசூரு வந்தே பாரத் 2022 நவம்பர் 11-ல் தொடங்கியதிலிருந்து காட்பாடியில் நிற்கிறது, அவனுக்கு அது பழக்கம். இல்லை, அது ஒற்றைப் பலகைக் கதவு. வெளியே வந்து பக்கவாட்டில் நகரும் வகை, ஜோடி கிடையாது. ஜோடிக் கதவு பார்க்க வேண்டுமானால் சென்னை மெட்ரோவுக்குப் போக வேண்டும்.

ரயிலில் ஜோடிக் கதவுக்கு ஓர் அருமையான குணம் உண்டு. ரயில் பிரேக் போடும்போது இரண்டு கதவும் முன்பக்கமாகச் சாயப் பார்க்கும். ஆனால் இரண்டும் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று முன்னே போக வேண்டுமானால் மற்றது பின்னே போக வேண்டும். ஒன்றின் ஆசை மற்றதைத் தடுக்கிறது, ஒன்றும் நகர்வதில்லை.

இந்தக் குணம் உங்கள் வீட்டில்தான் அதிகம் உதவும். வீட்டு இழுவைக் கதவின் பெரிய தலைவலி எது? தண்டவாளம் மட்டம் தப்பியிருந்தால் கதவு தானே உருண்டு திறந்துகொள்ளும். பிணைத்த ஜோடிக் கதவில் இது நடக்காது. தண்டவாளம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் இரண்டு கதவும் இடப்பக்கம் உருளப் பார்க்கும். இடது கதவுக்கு அது திறக்கும் திசை, வலது கதவுக்கு மூடும் திசை. எடை சமமாக இருந்தால் இரண்டும் சரிக்குச் சரி. விட்ட இடத்தில் நிற்கும்.

அதற்காகக் கொத்தனாரிடம் மட்டம் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சாய்வின் பாரம் எங்கும் போய்விடவில்லை, இரவும் பகலும் கயிறு அதைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

சரி, எந்தக் கயிறு? இங்கேதான் நான் ஒரு முறை ஏமாந்தேன். அக்கா வீட்டில் முதலில் துணி காயப் போடும் நைலான் கயிற்றை மாட்டிப் பார்த்தோம். ஒரு வாரம் பிரமாதம். அக்கினி நட்சத்திரம் முடிவதற்குள் கயிறு நீண்டு தொய்ந்து, இடது கதவு பாதி தூரம் போன பிறகுதான் வலது கதவுக்கு விஷயம் தெரிந்தது. நீளும் எதுவும் இதற்கு ஆகாது. “தோல் ஊர்ல இருக்கோம், ஒரு தோல் வார் போட்டா என்ன?” என்றார் ஆசாரி, பாதி விளையாட்டாக. தோலை இழுத்தால் இழுபடும் என்று ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொழிற்சாலையில் கவ்வி வைத்து இழுத்துக் காயவைத்தே பரப்பைக் கூட்டுகிறார்கள்.

பல இழை முறுக்கிய மெல்லிய எஃகுக் கம்பிக் கயிறுதான் சரி. பிளாஸ்டிக் உறை போட்டதாக இருந்தால் சத்தம் குறையும். கப்பி மிகச் சிறியதாக இருக்கக் கூடாது. திரும்பத் திரும்பக் கூர்மையாக வளைந்தால் கம்பி இழை ஒவ்வொன்றாக அறும். இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல், உள்ளே பேரிங் வைத்த கப்பியாகக் கேட்டு வாங்குங்கள்.

அளவு எப்படி? வாசல் 5 அடி என்றால் கதவு ஒவ்வொன்றும் இரண்டரை அடி, கூடவே நடுவில் முட்டவும் ஓரத்தில் சுவரை மறைக்கவும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம். கதவு ஒதுங்க வாசலின் இரு பக்கமும் இரண்டரை அடிக்கு மேல் வெற்றுச் சுவர் வேண்டும். சுவிட்ச் போர்டு, காலண்டர் ஆணி எதுவும் அங்கே கூடாது. ஆக மேல் தண்டவாளம் 10 அடிக்குச் சற்று மேலே போகும்.

ஆனால் கயிறு அவ்வளவு நீளம் வேண்டாம். கதவைக் கயிற்றோடு பிடிக்கும் கவ்வியைக் கதவின் நடு ஓரத்தில், அதாவது இரண்டும் முட்டும் பக்கம் வைத்தால், ஒவ்வொரு கவ்வியும் இரண்டரை அடிதான் பயணிக்கும். கப்பிகள் வாசலின் இரு முனைக்குச் சற்று வெளியே, ஐந்தரை அடி இடைவெளியில் இருந்தால் போதும். சுற்று மொத்தம் பதினொன்றரை அடி. முடிக்கவும் இறுக்கவும் சேர்த்துப் பன்னிரண்டரை அடிக் கயிறாக வாங்கிவிடுங்கள்.

இறுக்குவதற்கு டர்ன்பக்கிள் (நடுவில் பிடித்து முறுக்கினால் இரு முனையும் உள்ளே வரும் திருகு) ஒன்றைக் கயிற்றோடு சேர்க்கலாம். அது கப்பியைத் தொடாத இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கப்பியை நீள்துளையில் மாட்டி, தள்ளி இறுக்கும்படி வைக்கலாம், எனக்கு இதுவே பிடித்தது. இரண்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். இறுக்க வழியில்லாத ஏற்பாட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மாட்டும் வரிசை ஒன்று உண்டு. முதலில் இரண்டு கதவையும் மூடி நடுவில் முட்ட வையுங்கள். ஒரு கதவைக் கயிற்றில் கவ்வுங்கள். கயிற்றை இறுக்குங்கள். கடைசியாக மற்றக் கதவைக் கவ்வுங்கள். முதலில் இரண்டையும் கவ்விவிட்டுப் பிறகு இறுக்கினால் நடு தப்பும். மறுபடி அவிழ்த்துக் கவ்வ வேண்டியதுதான்.

கயிறு தவிர வேறு வழி இல்லையா? உண்டு. எதிரெதிரே பல் வெட்டிய இரண்டு சட்டங்களுக்கு நடுவே ஒரு பினியன் (சின்னப் பல்சக்கரம்) வைத்தால், ஒரு சட்டம் இடம் போக மற்றது வலம் போகும். தொய்வு என்ற பேச்சே இல்லை, ஆனால் பல்லில் தூசி சேர்ந்தால் கரகரக்கும். சின்ன அலமாரிக்கு நல்லது. ஒரு பாதி இடமுறுக்கு, மறுபாதி வலமுறுக்கு மரை வெட்டிய நீளத் தண்டும் உண்டு. அதைச் சுழற்றினால் இரு கதவும் விலகும், சில ரயில் கதவுகளில் இருக்கிறது. வீட்டுக்கு இவ்வளவு தேவையில்லை.

தள்ளுவதற்குப் பாரமாக இருக்குமா? ஒரு கையால் இரண்டு கதவையும் நகர்த்துகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் இரண்டரை கிலோ. இரண்டரை அடி அகலம், 7 அடி உயரம், 10 மி.மீ. தடிமன் என்றால் ஒரு கதவே 40 கிலோ. இரண்டும் 80. நல்ல உருளை இருந்தால் பாட்டிகூடத் தள்ளலாம், ஆனால் ஓடத் தொடங்கிய 80 கிலோவை நிறுத்துவது வேறு சங்கதி. இரண்டும் எதிரெதிரே வருவதால் இடைவெளி குறையும் வேகமும் இருமடங்கு. நடுவில் பிள்ளையின் விரல் இருந்தால் என்னாகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. முட்டும் ஓரத்தில் ரப்பர் பட்டையும், கடைசி நாலு அங்குலத்தில் வேகத்தைக் குறைக்கும் தடுப்பும் போடச் சொல்லுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்க வேறு இடம் பாருங்கள்.

ஒரு பூட்டு போதுமா? உள் அறைக் கதவுக்குப் போதும். ஒன்றைத் தாழிட்டால் மற்றதும் நகராது. இன்னொரு லாபமும் உண்டு. பிணைக்காத இரண்டு இழுவைக் கதவை நடுவில் கொக்கி போட்டுப் பூட்டினால், நடுவில் தடுப்பு இல்லாதபோது இரண்டையும் சேர்த்து ஒரே பக்கம் தள்ளி ஓரத்தில் சந்து உண்டாக்கலாம். பிணைத்த கதவில் அது முடியாது, இரண்டும் ஒரே திசையில் போகவே போகாது. ஆனால் தெருவாசலுக்கு ஒரு தாழை நம்பாதீர்கள். தாழில்லாத கதவைப் பிடித்திருப்பது மெல்லிய கம்பிக் கயிறுதான், அது திருடனுக்கு ஒரு நெம்புகோல் வேலை. இரண்டு கதவுக்கும் தனித்தனித் தாழ் போடுங்கள்.

கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது? பெரும்பாலும் “திறக்கும்போது சரியாக இருக்கிறது, மூடும்போது மற்றது பின்தங்குகிறது” என்றுதான் புகார் வரும். கவ்விகள் இரண்டும் வளையத்தை இரு துண்டாகப் பிரிக்கின்றன. ஒரு துண்டு இடது கப்பியைச் சுற்றுகிறது, மற்றது வலது கப்பியைச் சுற்றுகிறது. நீங்கள் இடது கதவைப் பிடித்துத் திறந்தால் இழுப்பு வலது கப்பி வழியாகப் போகிறது. அதே கதவைப் பிடித்து மூடினால் இடது கப்பி வழியாகப் போகிறது. எந்தக் கதவைப் பிடித்தாலும் திறக்க எதிர்ப்பக்கக் கப்பி, மூட அதே பக்கக் கப்பி. ஆகவே இடது கதவைப் பிடித்து மூடும்போது மட்டும் தடுமாறினால் இடது கப்பிப் பக்கத்துக் கயிறு தொய்ந்திருக்கிறது. இரு வழியிலும் தடுமாறினால் கவ்வி வழுக்கியிருக்கலாம், அல்லது மொத்தக் கயிறும் நீண்டிருக்கலாம்.

இரண்டுமே இறுகிப்போய் நகரவில்லை என்றால் கயிற்றைக் குற்றம் சொல்லாதீர்கள், கீழே பாருங்கள். பிணைத்த கதவில் ஒன்று சிக்கினால் இரண்டும் சிக்கும். கீழ்க் குழியில் தூசி, மூக்குத்தி, பிள்ளைகளின் கோலிக்குண்டு எதுவும் இருக்கலாம். இதனால்தான் மேலிருந்து தொங்கும் கதவே நல்லது என்பேன். கீழே ஒரு சின்ன வழிகாட்டி மட்டும் இருந்தால் போதும், பெருக்கவும் சுலபம்.

லிஃப்ட் கதவு பின்தங்கினால் மட்டும் இந்த வித்தையையெல்லாம் முயலாதீர்கள். தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென 1997-ல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது, உரிமம் பெற்றுத்தான் ஓட்ட வேண்டும். பராமரிப்பவரை அழைப்பது கட்டடக்காரர் பொறுப்பு.

கயிறு இழுத்து ஜோடிக் கதவைத் திறப்பது புது யோசனையும் அல்ல. முதலாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவில் வாழ்ந்த ஹீரோன், பலிபீடத்தில் தீ மூட்டினால் கோயில் கதவு திறக்கும் ஏற்பாட்டை எழுதி வைத்திருக்கிறார். சூடான காற்று தண்ணீரைத் தள்ள, தண்ணீர் ஒரு பாத்திரத்தில் நிறைய, பாத்திரத்தின் பாரம் கயிற்றை இழுக்க, கயிறு சுற்றியிருந்த கதவுத் தண்டுகள் இரண்டும் சேர்ந்து சுழலும். இழுவைக் கதவல்ல, சுழல் கதவு. ஆனால் ஒரே பாரம் இரண்டையும் நகர்த்துகிறது.

அக்கா வீட்டுக் கதவு இப்போது எஃகுக் கயிற்றில் ஓடுகிறது. கையில் கிண்ணத்தோடு இடுப்பால் ஒன்றைத் தள்ளுகிறாள், இரண்டும் விலகுகின்றன. வருடத்துக்கு ஒரு தடவை நான் போய்க் கப்பியைத் தள்ளி இறுக்கிவிட்டு வருகிறேன், பத்து நிமிட வேலை. ஏனென்றால் மேல்மூடியை நாலு திருகில் கழற்றும்படி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அழகாக இருக்கும் என்று சொல்லிக் கப்பியின் மேல் ஜிப்சம் பலகை அடித்துப் பெயின்ட் பூச வருவார்கள், திருகைப் போட்டால்தான் மீதிப் பணம் என்று சொல்லிவிடுங்கள்.